இரும்பு படாமல்

மலைச்சாலையில் கிடந்த கற்கள் வளரத் தொடங்கியது, அடிவார ஊரில் தக்காளி விலை பாதியாக இறங்கிய அதே வாரத்தில்தான். அதனால் தக்காளியைப் பற்றிப் பேசிய அளவுக்குக் கற்களைப் பற்றி யாரும் பேசவில்லை. முதலில் கண்டுகொண்டவர் மேட்டுக் குடியிருப்புக்கு ரொட்டி கொண்டுபோகிற வேன்காரர். ஒரு திங்கட்கிழமை அவருடைய வண்டியின் புகைக்குழாய் வளைவில் கழன்று விழுந்தது. சாலை இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது சாலை இருந்த இடத்தில்தான் இருந்தது, கல்தான் எழும்பியிருந்தது. விழுந்த பல்லின் இடத்தில் புதுப்பல் முளைப்பதுபோல, அவசரமே இல்லாமல், சுற்றியிருந்த தாரை விலக்கிக்கொண்டு மேலே வந்திருந்தது. மாதம் திரும்புவதற்குள் பேருந்து பாதி மலையோடு திரும்பியது. பிறகு கால் மலையோடு திரும்பியது. கடைசியில் அடிவாரத்திலேயே நின்று, மேலே போகிறவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனது.

நெடுஞ்சாலைத் துறையினர் வந்தார்கள். நாடாவை வைத்து அளந்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், துளை போட்டு வெடி வைத்தார்கள். ஒரு கல்லை உடைத்த இடத்தில் அடுத்த மாதம் தோளோடு தோள் ஒட்டி இரண்டு கற்கள் நின்றன. மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுவந்து சுரண்டினார்கள். அந்தப் பகுதி முழுக்க ரம்பத்தின் பல்போல ஆனது. ஒரு கல் மின்கம்பத்தின் அடியில் வளர்ந்து கம்பத்தைச் சாய்த்ததில் மேட்டுக் குடியிருப்புக்கு மின்சாரமும் போனது. சாலை மூடப்பட்டது என்று ஒரு பலகையை நட்டுவிட்டு அவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மேலே இருந்தவர்கள் கற்களுக்கு நடுவே புகுந்து நடந்து வந்து சாமான் வாங்கிப்போகப் பழகிக்கொண்டார்கள். பழகாமல் வேறு வழி ஏது.

பழகமுடியாமல் போனவள் தையல்காரி ஒருத்திதான். அவள் கடைத்தெருவில் மருந்துக்கடையை ஒட்டி ஒரு சின்னக் கடை வைத்திருந்தாள். புதுத்துணி தைக்கமாட்டாள். இறுக்குவது, தளர்த்துவது, நீட்டுவது, குறுக்குவது மட்டும்தான். ஒருவர் இளைத்தாரா பெருத்தாரா என்பது அவருடைய வீட்டாருக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். பக்கத்து மருந்துக்கடைக்காரர்தான் அவள் புருஷன். இரண்டு கடைக்கும் நடுவே ஒரே சுவர். அதில் ஒரு சன்னல். அதன் வழியே பகல் முழுக்கக் குடும்பம் நடந்தது. அவளுடைய அப்பா மேட்டுக் குடியிருப்பில் இருந்தார். குவாரியில் பாறைத்துளையில் வெடிமருந்து கெட்டித்து வெடிவைத்தே ஆயுசைக் கழித்தவர். ஊரில் அவருக்கு வேட்டு என்றே பேர். கல்லெல்லாம் போன பிறகும் கல்லின் தூசி அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. அடிவாரத்தில் கல் அரைக்கும் இயந்திரங்களின் புழுதிக்கு நடுவே அவருக்கு மூச்சு முட்டும், உதடு நீலமாகும். மேலே, காற்று சுத்தமான இடத்தில், பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் பேசுவார், சண்டை போடுவார், சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். அவரைப்போலவே நெஞ்சு கெட்ட பழைய குவாரிக்காரர்கள் இன்னும் சிலர் அங்கே இருந்தார்கள். வாரம் தவறாமல் அவர்களுக்கும் சேர்த்துச் சிலிண்டர் ஏற்றிப்போவது தையல்காரியின் ஜீப். குவாரி கழித்துக்கட்டிய வண்டி. அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வீட்டில் இருப்பது. அதை அவளைத் தவிர வேறு யார் ஓட்டினாலும் இரண்டாம் கியரில் முனகும்.

கற்கள் முழங்கால் உயரம் வந்ததும் ஜீப்பின் வயிறு உரசத் தொடங்கியது. ஒருமுறை எண்ணெய்த் தொட்டி நசுங்கியது. இன்னொருமுறை வண்டி ஒரு கல்லின்மேல் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது. நாலு சக்கரமும் காற்றில் சுற்ற, திண்டின்மேல் தூக்கிவைத்த ஆமைபோல நின்றது. ரொட்டி வேன்காரரும் இன்னும் சிலரும் கயிறு கட்டி இழுத்துக் கீழே கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து சிலிண்டர்கள் ஆள் தோளில் போயின. கம்பில் கட்டி மலை முழுக்க ஏறுவதென்றால் இரண்டு பேரால் சின்னச் சிலிண்டரைத்தான் தூக்கமுடியும். அது ஒரு ராத்திரிக்குக்கூடக் காணாது. வேட்டு தொலைபேசியில் பேசும்போது வாக்கியங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. சட்டையின் நீளத்தைப் பார்த்துப் பழகிய தையல்காரிக்கு அது தப்பவில்லை.

ஜீப் கல்லின்மேல் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஆட்கள் கயிறு கொண்டுவரும்வரை, அவள் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியின் பச்சைச் சாயம் ஈஷிக்கிடந்த கற்களெல்லாம் பக்கத்துக் கற்களைவிட ஒரு விரற்கடை உயரமாக இருப்பதுபோல அவளுக்குப் பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாக நடந்துபோய், துணியில் கோடு போடுகிற சுண்ணக்கட்டியால் கற்களின் அடியில் தார் தொடுமிடத்தில் கோடு போட்டுவிட்டு வந்தாள். சில கற்களை இரும்புக் கம்பியால் ஒரு தட்டு தட்டினாள். சிலவற்றின்மேல் செருப்புக்காலோடு ஏறிக் குதித்தாள். சிலவற்றைச் சும்மா விட்டாள். மறுவாரம் போய்ப் பார்த்தபோது சும்மா விட்டவையும் அவள் குதித்தவையும் போட்ட கோட்டிலேயே நின்றன. கம்பி பட்ட கற்களில் மட்டும் கோடு தரையைவிட்டு மேலே ஏறியிருந்தது. செருப்பையும் ரப்பரையும் கல் பொறுத்துக்கொள்கிறது; இரும்பு பட்டால் மட்டும் வளர்கிறது என்பது அவளுக்கு விளங்கியது. இதை நெடுஞ்சாலைத் துறையில் போய்ச் சொன்னாள். அங்கிருந்த பொறியாளர் நல்ல மனிதர், முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, அவர்கள் கையிலிருக்கிற சாமான் எல்லாமே இரும்பு என்பதால் இனிமேல் எதையும் செய்யாமலிருப்பதுதான் துறையால் செய்யமுடிந்த உதவி என்றார். சொன்னபடியே செய்யாமலும் இருந்தார்.

அப்படியானால் கல்லைத் தாழ்த்த வழியில்லை, வண்டியைத்தான் உயர்த்தவேண்டும். டயர் கல்லின்மேல் ஏறி இறங்கட்டும், வயிறு படாமல் போகட்டும். ஊரில் ஒரே ஒரு மெக்கானிக்தான் உண்டு. எதைக் கேட்டாலும் ‘நாளைக்கு வாங்க’ என்பான் என்பதால் அவனுக்கு நாளைக்கு என்றே பேர் விழுந்துவிட்டது. அவன் ஜீப்பின் அடியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

“அக்கா, இது வண்டியோட குணத்தையே மாத்துற வேலை. ஸ்பிரிங் பட்டையை மாத்தணும், ஷாக் அப்சார்பரை மாத்தணும், ஒண்ணைத் தொட்டா ஒம்போது கழலும். நாளைக்கு வாங்க, பேசுவோம்.”

“எந்த நாளைக்கு?”

நாளைக்கு உண்மையாகவே யோசித்தான். அவனை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. “தெரியலக்கா” என்றான். பொய் சொல்லத் தெரியாதவன். ஜாக்கியும் வண்டியைத் தாங்கும் இரும்பு முக்காலிகளும் இரவல் கொடுத்தான். கூடவே ஒன்று சொன்னான்: “ஸ்பிரிங் போல்ட்டை வண்டி தொங்கும்போது முறுக்கிடாதீங்க. நாலு காலும் தரையில ஊனி நின்னப்புறம்தான் கடைசி முறுக்கு.” அதைத் தையல்காரி உடனே புரிந்துகொண்டாள். உட்கார்ந்திருக்கிற ஆளுக்குக் கால்சட்டை நீளம் எடுக்கக்கூடாது.

சாமான்கள் தூர ஊரிலிருந்து லாரியில் வந்து இறங்கின: ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வில்லாக வளைத்த பட்டை ஸ்பிரிங்குகள், பழையதைவிட நாலு அங்குலம் கூடுதல் வளைவோடு, நீள ஷாக் அப்சார்பர்கள், அச்சை ஸ்பிரிங்கோடு கட்டிப்பிடிக்கும் யு போல்ட்டுகள். மருந்துக்கடைக்காரர் ஒரு ஸ்பிரிங்கின் ஒரு முனையைத் தூக்கிப்பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். மாத்திரையை எண்ணிப்போட்டு வாழ்ந்த கை அது.

“இது பேன்ட் இல்லம்மா. மடிப்பைப் பிரிச்சு இறக்கிவிட்டுட்டு வர்றதுக்கு.”

“பிரிச்சு ஏத்தப்போறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.”

“மேல விழுந்தா?”

“விழக்கூடாதுன்னுதான் முக்காலி.”

“நாளைக்கே பயப்படுறான்.”

“அவன் எதுக்குத்தான் பயப்படல? ஏங்க, நான் உங்கள அடியில படுக்கச் சொல்லல. வெளிச்சம் மட்டும் பிடிங்க.”

அவர் வெளிச்சம் பிடித்தார். வீட்டில் வண்டி நிறுத்துமிடத்தின் தளம் வழவழ ஓடு என்பதால் முதலில் தடித்த பலகைகளைப் பரப்பினாள். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தாள். சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே இளக்கினாள். பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சேசிஸ் சட்டத்துக்கு அடியில் முக்காலிகளை வைத்து இறக்கி, சாவி தொலைந்த பீரோவை உலுக்குவதுபோல வண்டியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. அப்புறம்தான் அடியில் போனாள். ஷாக் அப்சார்பர்கள் சுலபமாகவே வந்தன. யு போல்ட்டின் நட்டுகள் துருவேறி ஒரே இரும்பாகியிருந்தன. எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஸ்பானரின் வாலில் நீளக் குழாயைச் செருகி, குழாயின் முனையில் மருந்துக்கடைக்காரரை உட்காரச் சொன்னாள். வெளிச்சம் பிடிக்க மட்டும் வந்தவர் உட்கார்ந்தார். நட்டு கிறீச்சிட்டு இளகியது. அதைக் கேட்டு அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவரே எதிர்பார்க்கவில்லை.

தகராறு பின்பக்க வலது ஸ்பிரிங்கில் வந்தது. ஸ்பிரிங் முனையின் வளையக் காதைச் சேசிஸோடு கோத்திருந்த போல்ட்டு அசைய மறுத்தது. சுத்தியலால் ஒரு போடு போட்டாள். போல்ட்டு நகராததோடு, பக்கத்துத் தகடு கொஞ்சம் வெளியே பிதுங்கியதுபோல் இருந்தது. இன்னொரு போடு போட்டாள். தகடு நன்றாகவே பிதுங்கியது. விளக்கை வாங்கிக் கிட்டத்தில் பார்த்தாள். மலைச்சாலை மண்ணோடு வந்து இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கூழாங்கல், சுத்தியலின் அதிர்வு பட்ட இடத்தில், கொட்டைப்பாக்கு அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்கு வந்து போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் நாலு அடி அடித்தால் வண்டியே இரண்டாகப் பிளக்கும் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். இரும்பு வேண்டாம் என்று முடிவாயிற்று. மரத்தில் ஆப்பு செதுக்கி, பழைய போர்வைப் பஞ்சைச் சுற்றி, ஒரு நெருக்கு, ஒரு விலக்கு, ஒரு சொட்டு எண்ணெய் என்று அவள் அந்தக் கல்லோடு மூன்று பகல் மல்லுக்கட்டினாள். கடையில் துணிகள் குவிந்தன. பாதி மடித்த கால்சட்டைகளோடு ஆட்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்று, ஜீப்பின் அடியில் தெரிந்த இரண்டு கால்களிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் பகல் தொலைபேசி அடித்தது. அடியில் படுத்தபடியே காதில் வைத்தாள்.

“பாப்பா.” மூச்சு. “சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துருச்சு.” மூச்சு. “நான் சிக்கனமா இழுக்கறேன். நீ அவசரப்பட்டு எதையும் பண்ணாத.”

யாரோ தொலைபேசியைப் பிடுங்கினார்கள். அப்பாவின் பக்கத்து வீட்டில் தேனீப்பெட்டிகள் வைத்திருக்கிற அம்மாள். “அவர் பேச்சைக் கேக்காதம்மா. சாய்ஞ்சா மூச்சு நிக்குதுன்னு உக்காந்தே தூங்குறார். எப்ப வர்ற?”

“வர்றேன்மா” என்றாள். எப்போது என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டால் தானும் நாளைக்கு ஆகிவிடுவோம் என்று தோன்றவே, மறுபடி கூப்பிட்டு, “நாளான்னிக்கு விடியக்காலம்” என்றாள். பிறகு ஆப்பை எடுத்தாள். அழவில்லை, படுத்துக்கொண்டு அழுதால் காதுக்குள் போகும். கல் வெளியே வந்தபோது பொழுது சாயவில்லை. இடுக்கிலிருந்து மெல்ல உருண்டு அவள் தோளில் விழுந்தது. மருந்துக்கடைக்காரர் அதைக் கழுவித் துடைத்துக் கடைக்குக் கொண்டுபோய்ச் சீட்டுகள் பறக்காமலிருக்க வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வேலை கையைவிட வேகமாக ஓடியது. பழைய ஸ்பிரிங் இறங்கியது, புதியது ஏறியது. அச்சு ஜாக்கியில் உயர்ந்து ஸ்பிரிங்கின் நடுக்குமிழ் தன் துளையில் உட்கார்ந்த சத்தம், நல்ல பொத்தான் காஜாவில் ஏறுகிற சத்தம்போல இருந்தது. முன்பக்கமும் முடிந்தது. எல்லாம் சரி என்று சக்கரத்தை மாட்டப்போனவள் நின்றாள். கை தூக்கும்போது அக்குளில் இழுக்காத சட்டைதான் சட்டை. நிற்கும்போது அழகாக இருப்பது பெரிதல்ல. அச்சைக் கீழே தொங்கவிட்டுப் பார்த்தாள். பிரேக் எண்ணெய் போகிற ரப்பர்க் குழாய் நரம்பு தெரிய விறைத்து நின்றது. பழைய நீளம், புது உயரத்துக்குப் போதவில்லை. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அறுந்துவிடும். மலையில் பிரேக்கில்லாமல் போனால் அவள் அப்பாவிடம் போய்ச்சேரமாட்டாள்.

அவள் எதுவும் சொல்வதற்கு முன்னால் மருந்துக்கடைக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாளைக்குவின் பட்டறைக்குப் போய், அவன் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். “நீளமான பிரேக் ஹோஸ் வேணும்.” “நாளைக்கு…” என்று அவன் தொடங்கினான். “உக்காந்திருக்கேன்” என்றார் இவர். நாளைக்கு ஒரு பழைய லாரியின் உதிரிப்பாகக் குவியலைக் கிளறினான், தேடினான், வியர்த்தான். பொருந்துகிற குழாய்கள் கிடைத்தன. அவனே வந்து மாட்டி, மருந்துக்கடைக்காரரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிக் குழாயிலிருந்த காற்றுக் குமிழ் போகும்வரை எண்ணெய் இறக்கிக்கொடுத்தான். தன் வாழ்க்கையில் அன்றைக்கே செய்துகொடுத்த முதல் வேலை என்பதால் அவனுக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது. கடையிலிருந்து ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

வண்டி தரையில் இறங்கியது. கடைசி முறுக்கு முறுக்கியாயிற்று. ஏறி உட்கார ஸ்டூல் தேவைப்பட்டது. சொன்ன நாளில் விடியக்காலம் சிலிண்டர்களை ஏற்றுவதற்காகப் பின்னால் எடுத்தபோது ஜீப்பின் கூரைக் கம்பி நிறுத்துமிடத்தின் உத்திரத்தில் தட்டி நின்றது. வயிற்றுக்கு அளவெடுத்தவள் தலைக்கு அளவெடுக்க மறந்துவிட்டாள். மருந்துக்கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, அவர் தொடர்ந்து சிரித்ததால் கடைசியில் சிரித்தாள். டயர்களில் காற்றை இறக்கினார்கள். வண்டி புஸ்ஸென்று குனிந்து, கல்யாண வீட்டுப் பந்தலுக்குள் நுழைகிற நெட்டைக்காரன்போல, உத்திரத்துக்கு அடியில் நழுவி வெளியே வந்தது. காற்றை முழுக்க அடிக்கவேண்டாம், தளர்ந்த டயர்தான் கல்லைக் கவ்விப்பிடிக்கும் என்று அவள் பாதிக் காற்றே நிரப்பினாள்.

சிலிண்டர்களைப் போர்வையில் சுற்றி ஏற்றினார்கள். மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். வண்டியில் ஏறவில்லை, முன்னால் நடந்தார். ஒவ்வொரு கல்லிடமும் குப்புறப் படுத்து வயிற்றுக்கும் கல்லுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்துக் குரல் கொடுத்தார். அவள் டயரைக் கல்லின் உச்சியில் ஏற்றி, ஒரு மூச்சு நிறுத்தி, இறக்கினாள். “வரலாம், ஒரு சோப்பு டப்பா போகும்.” “வரலாம், தீப்பெட்டி போகும்.” ஏறஏற இடைவெளி குறைந்தது. “மெதுவா, மெதுவா, மாத்திரை அட்டை கனம்தான் இருக்கு.” அவள் நெற்றி வியர்வை ஸ்டீயரிங்கில் சொட்டியது. வண்டி உறுமியது, சாய்ந்தது, ஒருமுறை ஒரு சக்கரம் காற்றில் தொங்கியது. அந்தப் பிரேக் குழாய் இழுபடாமல் நீண்டுகொடுத்ததை அவள் பார்க்காமலே உணர்ந்தாள். இரும்பு எங்கும் படவில்லை.

துறையினர் வெடிவைத்த இடத்துக்கு வந்தார்கள். இரட்டைக் கற்கள் வழியை அடைத்து நின்றன. மருந்துக்கடைக்காரர் படுத்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

“என்னங்க?”

“இடமே இல்லம்மா. ரெண்டு விரல் குறையுது.”

திரும்பிப்போகவும் வழியில்லை. வண்டியைத் திருப்பினால் பின்பக்கக் கொக்கி கல்லில் இடிக்கும். அவள் இறங்கிச் சுற்றிப் பார்த்தாள். ஸ்பிரிங் பட்டைகளைக் கையால் தடவினாள். பாரத்தில் அவற்றின் வளைவு கொஞ்சம் தட்டையாகியிருந்தது. பெருத்த ஆள் வயிற்றை எக்கினால் பொத்தான் மாட்டுகிறதே என்று தோன்றியது. “எல்லாத்தையும் இறக்குவோம்” என்றாள். சிலிண்டரைக் கீழே உருட்டமுடியாது, அதுவும் இரும்பு. தன் உடம்பு நீளத்துக்கு இருந்த பெரிய சிலிண்டரை, பயந்தே பாதி வாழ்க்கையைக் கழித்த மருந்துக்கடைக்காரர், போர்வையோடு சேர்த்துத் தோளில் வாங்கினார். இரட்டைக் கற்களைத் தாண்டிக் கொண்டுபோய் மண்ணில் படுக்கவைத்தார். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினார். அவள் ஒரு பக்கம் பிடிக்கப் போனபோது, “நீ ஓட்டணும், கை நடுங்கக்கூடாது” என்று விலக்கினார். கடைசிச் சிலிண்டர் இறங்கியதும் வண்டி பெருமூச்சுவிட்டு நிமிர்ந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் படுத்தார்.

“வா. வா. வா. நிறுத்து. மூச்சு விடாத.”

“வண்டியா நானா?”

“ரெண்டு பேருந்தான். வா.”

ஜீப்பின் வயிறு இரண்டு கற்களுக்கும் மேலே காகிதம்போல நழுவிப்போனது. கீழே படுத்திருந்தவர் பின்னால் சொன்னதன்படி, கல்லின் தலையில் உட்கார்ந்திருந்த ஓர் எறும்பு நகரக்கூட இல்லை.

மேட்டுக் குடியிருப்பில் வேட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உதடு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அவள் சிலிண்டரை இறக்கி, வால்வைத் திறந்து, குழாயை மூக்கில் மாட்டினாள். உதட்டின் நிறம் மெல்லத் திரும்பியது. தேனீக்காரம்மாளும் மற்றவர்களும் அடுத்த சிலிண்டர்களை வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். வேட்டுவின் கண் முதலில் மகளிடம் வந்தது, பிறகு ஜீப்புக்குப் போனது, ஜீப்பின் உயரத்தை ஏற இறங்கப் பார்த்தது.

“எத்தனை கல்லுல இடிச்ச?”

“ஒண்ணுலகூட இல்ல.”

“பொய்.”

“இல்ல மாமா” என்றார் மருந்துக்கடைக்காரர். “ஒவ்வொண்ணா படுத்துப் பாத்துட்டேதான் வந்தேன்.”

வேட்டு மருமகனைப் பார்த்தார். காலர் முதல் கால்வரை முன்பக்கம் முழுக்கச் செம்மண். தோளில் இரும்பு அழுத்திய பள்ளம். முதுகுப்பக்கம் மட்டும் சலவைக்குப் போய்வந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. “மாப்பிள்ளை, உள்ள வாங்க” என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து அவரை அப்படி வாய்நிறைய அழைத்தது அன்றுதான். பிறகு மகள் பக்கம் திரும்பி, “என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ” என்றார். ஸ்டூல் போட்டு ஏற்றினார்கள். மடியில் ஒரு சின்னச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அவர் முன்சீட்டில் உட்கார்ந்து, கற்களின்மேல் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். ஒவ்வொரு கல்லையும் எந்த அளவு மருந்தில், எத்தனை துளையில் தூள் பண்ணியிருக்கலாம் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் எல்லாவற்றுக்கும் ‘உம்’ கொட்டிக்கொண்டு, ஒன்றிலும் இரும்பு படாமல் ஓட்டினாள்.

அதன் பிறகு காரியங்கள் வரிசையாக நடந்தன. ரொட்டி வேன்காரர் தன் வண்டியைக் கொண்டுவந்து தையல்காரி வீட்டு வாசலில் நிறுத்தினார். நாளைக்கு தன் பட்டறையில் ‘வண்டி உயர்த்தித் தரப்படும், இன்றே’ என்று எழுதிப்போட்டான். ஆனாலும் பேர் மாறவில்லை. ஊரில் வண்டிகள் எல்லாம் நெட்டையாயின; வண்டி நிறுத்துமிடங்களின் கூரைகளை ஏற்றிக் கட்டினார்கள். இரும்பு படாததால் கற்கள் வளர்வதை நிறுத்திக்கொண்டன. அவற்றின் நடுவே புல் வந்தது. மின்கம்பத்தை மரக்கம்பமாக மாற்றினார்கள். நெடுஞ்சாலைத் துறை, தான் எதுவும் செய்யாமலிருந்ததன் பலனைக் கண்டு மகிழ்ந்து, பழைய பலகையை எடுத்துவிட்டு ‘இரும்பு படாமல் செல்லவும்’ என்று புதிய பலகை வைத்தது. வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள், முதல் வளைவுவரை. மருந்துக்கடைக்காரர் வாராவாரம் ஜீப்புக்கு முன்னால் நடந்ததில் தொப்பை கரைந்தது. அவருடைய சட்டைகளையெல்லாம் தையல்காரி பிடித்துத் தைத்தாள்.

வேட்டு பல மழைக்காலங்கள் இருந்தார். கடைசியில் ஒரு மத்தியானம், ஆட்டத்தில் ஜெயித்துச் சீட்டைக் கீழே வைத்த கையோடு போய்ச்சேர்ந்தார். சிலிண்டரில் முள் பாதிக்கு மேலேயே நின்றிருந்தது. மேட்டின் விளிம்பில், அடிவாரம் முழுக்கத் தெரிகிற இடத்தில் புதைத்தார்கள். தையல்காரி சாலையோரத்திலிருந்து கைக்குள் அடங்குகிற ஒரு கல்லைப் பொறுக்கி வந்து தலைமாட்டில் ஊன்றினாள். பேர் செதுக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். உளி பட்டால் என்ன ஆகுமென்று கேட்டவருக்கே நினைவு வந்தது. தையல்காரி ஜீப்பிடம் போய்ச் சுத்தியலை எடுத்துவந்தாள். வண்டியை உயர்த்தியதிலிருந்து அந்த மலையில் ஒரு கல்லைக்கூட இடிக்காதவள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கையாலும் ஓங்கி அந்தக் கல்லின் தலையில் ஒரே ஒரு போடு போட்டாள்.

“எல்லாத்தையும் ஒடச்சு ஒடச்சுச் சின்னதாக்கிட்டார்” என்றாள். “இது ஒண்ணாவது பெருசாகட்டும்.”

மருந்துக்கடைக்காரர் அவள் கையிலிருந்து சுத்தியலை வாங்கித் துணியில் சுற்றி வைத்தார். அந்த ஒரு போடே போதுமாயிற்று; கல் அந்த மழைக்காலத்திலேயே இடுப்பளவு வந்தது. மறுவருஷம் ஆள் உயரம். இப்போது அடிவாரத்துக் கடைத்தெருவில் நின்று பார்த்தாலே தெரிகிறது. கால்சட்டை கொடுக்க வருகிறவர்கள் அது எதுவரை மறைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் மேட்டில் மேகம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்கிறார்கள். சாயங்காலம் அதன் நிழல் தன் முற்றத்தில் விழுந்து தேனீக்கள் சீக்கிரமே கூடு திரும்பிவிடுகின்றன என்பதால், தேனீக்காரம்மாள் பெட்டிகளை நாலு முழம் வடக்கே தள்ளி வைத்துக்கொண்டார்.